நெட்டேரியில் மூன்று இடம்

மூக்கு நுனி அரித்தது. இரண்டு கையிலும் மருதாணி இருக்கும்போது மட்டும் மூக்கு ஏன் இப்படி அரிக்கிறது, மற்ற நாட்களில் அது இருக்கிற இடமே தெரிவதில்லையே என்று செண்பகவல்லி யோசித்தாள். தோளைத் தூக்கி, முகத்தைச் சாய்த்துத் தேய்த்தாள். பாதி அரிப்பு தீர்ந்தது. மீதிப் பாதி கன்னத்துக்கு நகர்ந்துகொண்டது. ஆடி மாதம் ஒரு தடவையாவது அம்மாவின் கை சிவக்க வேண்டும் என்று மகள் மகிழினிக்குப் பிடிவாதம். பக்கத்து வீட்டு மரத்தில் இலை உருவி, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அவளே மிக்சியில் அரைத்து, உள்ளங்கையில் பெரிய வட்டம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டு, விரல் நுனிகளுக்குத் தொப்பி என்று வைத்து முடித்து, "நான் டைப்ரைட்டிங் கிளாஸ் போயிட்டு வாரதுக்குள்ள கையைக் கழுவுனன்னு வையி, அப்புறம் உங்கூடப் பேச மாட்டேன்" என்று மிரட்டிவிட்டுச் சைக்கிளில் போய்விட்டாள். அதனால் செண்பகவல்லி ஹாலில் பிரம்பு நாற்காலியில், கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, யாரோ எதையோ கொடுக்கப் போகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். எதிரே டீப்பாயில் அவளுடைய போன் கிடந்தது. போனுக்குள் மூன்று இடங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை இன்று சாயங்காலம் சொல்லிவிட வேண்டும். மரியதாஸ் என்கிறவர் மலையிலிருந்து கூப்பிடுவார். கரும்பாறை மலை, அதன் தலையில் நெட்டேரி, ஏரியைச் சுற்றி மூன்று கூடார முகாம்கள், மூன்றுக்கும் இடம் பதிந்து கொடுக்கிற ஆள் அவர் ஒருவர்தான். காலாண்டுப் பரீட்சை லீவில் நாலு குடும்பம் போவதாக ஏற்பாடு. நாலும் மின்வாரியக் குடும்பம். அவள் கணவன் சங்கரபாண்டி லைன் இன்ஸ்பெக்டர், மற்ற மூன்று பேரும் அவனோடு வேலை பார்க்கிறவர்கள். "எடத்தை நீயே பாத்துச் சொல்லு, செண்பகம். மருந்துச் சீட்டுப் பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தைக்கூட விடாம வாசிக்கிறவ நீதான்" என்று அவன் சொல்லியிருந்தான். வயர்மேன் இசக்கிமுத்து மட்டும் ஒரு வேண்டுகோள் வைத்தார். "அண்ணி, மூணு நாளைக்குக் கண்ணுல போஸ்ட் மரமே படக் கூடாது. போஸ்டைப் பாத்தா கால் தானா ஏறப் பாக்குது."

எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் போஸ்ட் மரம் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் அவள் மனம் முதலில் போய் உட்கார்ந்தது. மேட்டு முகாம். போனைத் தொடாமலே அந்தப் படம் அவள் கண்ணுக்குள் இருந்தது: தார்ச்சாலையை ஒட்டிய சமதளம், சிமென்ட் பாதை, ஒவ்வொரு கூடாரத்துக்கும் முன்னால் ஒரு கம்பம், ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு வெள்ளை விளக்கு, கழிப்பறை வாசலில் இரண்டு. ஏரி கீழே எங்கோ ஒரு தகரத் துண்டுபோலத் தெரிந்தது. போய் வந்த யாரோ கோபமாக எழுதியிருந்தார்: ராத்திரியும் பகல் மாதிரி இருக்கிறது, தூங்க முடியவில்லை. அதைப் படித்தபோது செண்பகவல்லிக்கு அந்த இடத்தின் மேல் ஒரு பாசமே வந்தது. இரண்டாவது, தேயிலைச் சரிவு. செடிகளுக்கு நடுவில் படிகள் இறங்குகின்றன, படி ஓரத்தில் சூரிய விளக்குகள், அவற்றில் சில எரியும் சில எரியாது என்று ஓர் அம்மாள் பொறுமையாகக் குறிப்பிட்டிருந்தார். எந்தச் சில என்று அவர் சொல்லவில்லை. மூன்றாவது, தண்ணீர்க்கரை. ஏரிக்குள் ஒரு நாக்குப்போல நீண்டிருக்கிற நிலம், மூன்று பக்கமும் தண்ணீர், மின்சாரம் கிடையாது, இரவுச் சாப்பாடு முடிந்ததும் சமையல் கொட்டகை விளக்கையும் அணைத்துவிடுவார்கள். அந்தப் படத்தின் கீழே நாகர்கோவில்காரர் ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: விளக்கை அணைத்த பிறகுதான் இடமே ஆரம்பிக்கிறது. இந்த வரி நேற்றிலிருந்து அவளிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அவள் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். என்ன ஆரம்பிக்கிறது? விளக்கை அணைத்தால் முடிந்துபோகும், அதுதானே அவளுக்குத் தெரிந்தது. அணைத்த பிறகு அந்த மனிதர் எதைப் பார்த்தார்? நாகர்கோவிலிலிருந்து அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய், இருக்கிற விளக்கையும் அணைத்துவிட்டு, அங்கே எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்?

மருதாணி ஓரத்தில் காய ஆரம்பித்துத் தோலை இழுத்தது. நடுவில் இன்னும் ஈரம், இன்னும் குளிர்ச்சி. ஒரு கையிலேயே இரண்டு பருவம் என்று நினைத்துக்கொண்டாள். பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கக் கண்ணாடிச் சில்லில் ரத்தத் துளியைப் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கிற கண் அவளுடையது. வெளிச்சம் மட்டும் அடியிலிருந்து வர வேண்டும்; வந்துவிட்டால் அவளுக்குத் தப்பி ஓர் அணு போகாது, புதிதாக வருகிற பிள்ளைகள் சந்தேகம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்து மணிக்கு வேலை முடித்துவிடுவாள். மாலை ஷிப்ட் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டால் தலைவலி. ராத்திரித் தேரோட்டமா, தலைவலி. இரண்டாம் ஆட்டமா, தலைவலி. மொட்டைமாடியில் நிலாச்சோறா, அன்றைக்கும் தலைவலி. இல்லாத ஒரு வியாதியை இத்தனை வருஷம் கூடவே வைத்து வளர்த்ததில் அதற்கு அவள்மேல் ஓர் உரிமையே வந்துவிட்டது. மாமியார் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அதற்கென்று ஒரு தைலப் புட்டி கொண்டுவருகிறார். சின்ன வயதில் அவள் இப்படி எதையும் மறைத்ததில்லை. மறைக்க ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. கோடையில் மாடியில் படுத்துக்கொண்டு அண்ணன் வானத்தைக் காட்டி எண்ணுவான். அங்க மூணு ஒரே வரிசையில நிக்கு பாரு, அது பக்கத்துல ஒண்ணு சிவப்பா, அந்தா அங்க ஒரு கூட்டம். அது ஒரு விளையாட்டு என்று அவள் நினைத்தாள். மண்ணைக் குவித்துச் சோறு என்கிறோம், இலையைக் கிழித்துக் கறி என்கிறோம், அதுபோல மேலே காட்டி நட்சத்திரம் என்கிறோம். அவளும் விட்டுக்கொடுக்காமல் கை நீட்டி, "அந்தா நாலு" என்றாள். "ஏட்டி, அது வேப்பமரம்" என்றான் அண்ணன். பள்ளிக்கூடத்தில் இரவு வானம் வரையச் சொன்னபோது அவள் ஒரு நிலாவும் அதன் பக்கத்தில் ஒரே ஒரு நட்சத்திரமும் வரைந்தாள். மீதி எங்கே என்று டீச்சர் கேட்டார். அவ்வளவுதான் டீச்சர் இருக்கு என்றாள். வகுப்பே சிரித்தது. மற்ற பிள்ளைகளின் தாளை எட்டிப் பார்த்தாள். அரிசியைச் சிதற விட்டதுபோல எல்லாத் தாளிலும் புள்ளி. அழகுக்கு வைத்திருக்கிறார்கள், கோலத்தில் வைக்கிறோமே, அதுபோல என்றுதான் அப்போதும் அவளுக்குத் தோன்றியது.

அப்புறம் ஒரு பொழுது கவிந்த நேரத்தில், கடைக்குப் போய்த் திரும்பும்போது, அண்ணன் விலகிப் போன மாட்டின் மேல் அவள் நேராகப் போய் முட்டிக்கொண்டாள். அன்றைக்கு அம்மாவுக்குத் தெரிந்துபோனது. அம்மா அழவில்லை. முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் மீன் எண்ணெயுமாக வருஷக்கணக்கில் ஊட்டினாள். கண் இதற்கெல்லாம் கேட்காது என்று தெரிந்த பிறகு வேறு வேலையில் இறங்கினாள். அந்த வேலையை நினைத்தால் செண்பகவல்லிக்கு இப்போதும் ஒருபக்கம் வியப்பாகத்தான் இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் காலை பத்து மணிக்கு வரச் சொன்னாள். எங்க பக்கத்துல அதுதான் வழக்கம் என்றாள். அப்படி ஒரு வழக்கம் அந்தத் தெருவிலேயே கிடையாது. முகூர்த்தம் விடிகாலை. மண்டபத்துக்கு வெளியே கும்மிருட்டு. பந்தலில் விளக்கு இருந்தாலும், காரிலிருந்து இறங்கி நடக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் மணப்பெண்ணை யார் தனியாக நடக்க விடுகிறார்கள்? இந்தக் கையை ஒருத்தி பிடித்தாள், அந்தக் கையை இன்னொருத்தி பிடித்தாள், தலையைக் குனிந்து அடிமேல் அடி வைத்து நடந்தாள். என்ன அடக்கமான பொண்ணு என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டது அவள் காதிலேயே விழுந்தது. மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்ததிலும் அம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. கரண்ட் ஆபீஸ் மாப்பிள்ளை, அவன் வீட்டில் வெளிச்சத்துக்குக் குறை வராது என்று நம்பினாள். புயல் மழை என்றால் ஊர் முழுக்க இருட்டாகும்போது அந்த மாப்பிள்ளைதான் முதலில் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புவான் என்பதை அவள் யோசிக்கவில்லை. யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ராத்திரிகளில் செண்பகவல்லி இருக்கிற இடத்திலேயே இருப்பாள். மகள் குழந்தையாக இருந்தபோது அவளை மடியில் கட்டிக்கொண்டு, கைக்கு எட்டும் தூரத்தில் டார்ச்சும் தண்ணீரும் வைத்துக்கொண்டு, விடியும்வரை ஒரே இடம். டார்ச் அடித்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உலகம் தெரியும். தட்டுக்கு வெளியே ஒன்றும் இல்லை. விடிந்து நனைந்துபோய் வருகிற சங்கரபாண்டி, "போட்ட எடத்துல போட்டபடி இருக்கியே, சாமி சிலை மாதிரி" என்று கேலி செய்வான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

இதைச் சொல்லியிருக்கலாம். முதல் வருஷத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்த ஒரு நாளும் உண்டு. அந்த வாரம்தான் சங்கரபாண்டியின் தங்கை வீட்டு விஷயம் வெடித்தது. தங்கை கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. கல்யாணத்தின்போது அவர்கள் சொல்லவில்லை. சங்கரபாண்டி அந்த வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, "மறைச்சுக் கட்டி வைக்கிறவன் மனுசனா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வேண்டாம்னா சொல்லப் போறோம்? ஏமாத்தினதுதான்யா தப்பு" என்று கத்தினான். செண்பகவல்லி அவனுக்குப் பின்னால், கையில் தங்கையின் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. தங்கை அந்த மனிதரோடு நன்றாகத்தான் இருக்கிறாள், மாத்திரையில் வலிப்பும் அடங்கிவிட்டது. ஆனால் இன்றுவரை சங்கரபாண்டி அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. போவான், நின்றபடி பேசுவான், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பிவிடுவான். ஒருவன் சாப்பிடாமல் இருப்பதை வைத்தே ஒரு வீட்டை இத்தனை வருஷம் தண்டிக்க முடியும் என்று செண்பகவல்லி அங்கேதான் கற்றுக்கொண்டாள். அவள் சமைத்த சோற்றை அவன் அப்படித் தள்ளிவைத்தால்? தள்ளிவைக்க மாட்டான், சாப்பிடுவான், ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் ஒரு கணம் நிறுத்துவான், அந்த ஒரு கணம் போதும். இங்கே வந்ததும் நினைப்பு எப்போதும் திரும்பிவிடும். திரும்பி மேட்டு முகாமுக்குப் போகும். சிமென்ட் பாதை, கம்பம், விளக்கு. இசக்கிமுத்து முணுமுணுப்பார், முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். ஆனால் நாலு குடும்பமும் ராத்திரி கீழே இறங்கிக் கரைக்குப் போகத்தான் போகிறது. தலைவலி என்று அவள் கூடாரத்தில் படுத்திருப்பாள். திரும்பி வந்து மகிழினி மூச்சு வாங்க எதையோ சொல்லுவாள். அப்படியா, அப்படியா என்று அவள் தலையாட்டுவாள். என்ன ஆரம்பிக்கிறது?

ஹாலில் வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. கிழக்குப் பார்த்த அறை, இந்த நேரத்தில் முதலில் இருட்டுவது இதுதான். தெருவிலேயே முதல் விளக்கு செண்பகவல்லி வீட்டு விளக்குதான். லெட்சுமி கடாட்சத்துக்கு இந்த வீட்டைப் பார்த்துப் படிக்கணும் என்று எதிர்வீட்டு அம்மாள் தன் மருமகளிடம் சொல்வதுண்டு. இன்றும் எழுந்துபோய் முழங்கையால் சுவிட்சைத் தட்டிவிடலாம். பின்கட்டில் சங்கரபாண்டி பைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் வந்து போட்டுவிட்டுப் போவான். அவள் எழவில்லை, கூப்பிடவும் இல்லை. இத்தனை வருஷமாக இருட்டு வருவதற்கு முன்னாலேயே ஓடிப்போய்க் கதவைச் சாத்தியிருக்கிறோம், அது எப்படித்தான் உள்ளே வருகிறது என்று ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்தது உண்டா? முதலில் போனது காலண்டரில் தேதிக்குக் கீழே இருக்கிற பொடி எழுத்து. அப்புறம் தேதியே போனது. அதற்குப் பிறகு சோபா உறையின் பச்சை. பச்சை போய்விட்டது, சோபா இருந்தது. இது அவளுக்குப் புதிதாக இருந்தது. பொருளை விட்டுவிட்டு நிறம் மட்டும் முதலில் வெளியேறும் என்று அவள் நினைத்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பயிற்சி வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு கண் டாக்டரைப் பார்த்தாள். இளவயதுப் பெண். கண்ணுக்குள் பகலுக்கு ஒரு வகை அணு, இருட்டுக்கு ஒரு வகை அணு என்று படம் போட்டுக் காட்டினாள். "உங்களுக்கு இருட்டுக்கான அணு எல்லாம் இருக்கு. ஆனா பாத்ததை மூளைக்குச் சொல்றதில்ல. இது பிறவியிலேயே அப்படி, இதுக்கு மேல மோசமாகாது, பயப்படாதீங்க. சார் கூட வரலையா?" என்றாள். சார் வரவில்லை என்றாள் செண்பகவல்லி. அப்படியானால் அவை பார்க்கின்றனவா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வந்துவிட்டாள். பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்கின்றனவா? அவளைப்போலவே? அந்த வாரமே கரண்ட் போன ஒரு மாலையில் மகளுக்கும் இப்படித்தானோ என்று, மகிழினியின் முன்னால் வேண்டுமென்றே ஒரு ரப்பரை உருட்டிவிட்டாள். "என்னம்மா, ரப்பரைக் கீழ போட்டுட்ட" என்று குனிந்து எடுத்துக் கொடுத்தாள் மகள். செண்பகவல்லி அன்றைக்குத்தான் மகளுக்கென்று ஈரல் வாங்கச் சொல்வதை நிறுத்தினாள். சோபாவும் போய்விட்டது. ஜன்னல் மட்டும் ஒரு சாம்பல் நிறச் சட்டமாகத் தொங்கியது. கைகள் இருந்தன, கண்ணுக்கு இல்லை, குளிர்ச்சியாகவும் இழுப்பாகவும் பச்சை இலை வாசனையாகவும் இருந்தன. இது அவ்வளவு மோசமாக இல்லையே என்று நினைத்தாள். உட்கார்ந்திருக்கும்வரை மோசமில்லை. எழுந்து நடக்க வேண்டும் என்றால்தான் பயம்.

டீப்பாய் அதிர்ந்தது. எதிரே திடீரென்று ஒரு வெளிச்சச் சதுரம். உலகத்திலேயே அது ஒன்றுதான் இருப்பதுபோல இருந்தது. தொட முடியாது. "ஏங்க, போன்" என்று கூப்பிட்டாள். பின்கட்டில் தண்ணீர் நின்றது, வாளி வைக்கிற சத்தம், ஈரக்கால் தரையில் ஒட்டி ஒட்டி எழும் சத்தம். சதுரம் தானாக மேலே எழுந்து காற்றில் நின்றது.

"மரியதாஸா? சங்கரபாண்டி பேசுதேன். எடம் எதுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க, அது எங்க வீட்டம்மா டிபார்ட்மென்ட். அவ கையில மருதாணி. ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்களாச்சு அவளாச்சு."

சதுரம் இறங்கி டீப்பாய்க்கு வந்தது, கொஞ்ச நேரத்தில் அணைந்தது. அதன் பிறகு அந்த இடத்தில் ஒரு குரல் மட்டும் இருந்தது. "வணக்கம்மா. படமெல்லாம் பாத்தீங்களா? மூணுல எதுன்னு சொன்னீங்கன்னா குறிச்சுக்குவேன்."

கேட்க வேண்டியதை அவள் மத்தியானமே வேலையிடத்தில் யோசித்து வைத்திருந்தாள். தனியாகப் பேசுவோம் என்று நினைத்து யோசித்தது. இப்போது அதற்கு ஒரு போர்வை போர்த்த வேண்டியிருந்தது. "பாத்தேன். அந்தத் தண்ணிக் கரை இருக்குல்ல, அங்க ராத்திரி சின்னப் பிள்ளைங்க பாத்ரூம் போகணும்னா வெளிச்சம் ஏதாவது உண்டா?"

"கிடையாதும்மா, அது இல்லாததுக்குத்தானே வர்றாங்க. ஆனா பயப்படாதீங்க, பிள்ளைங்கதான் மொதல்ல பழகிக்கும். பத்து நிமிசத்துல கண்ணு பழகிடும். எங்க சமையல்காரர் விளக்கே இல்லாம காபி ஆத்துவாரு, ஒரு சொட்டு கீழ போகாது."

"பழகலைன்னா?"

"பழகாத கண்ணு ஏதும்மா?"

சங்கரபாண்டி சிரித்தான். "எங்க பிள்ளைங்க எல்லாம் பூனை மாதிரி மரியதாஸ், அதைப் பத்திக் கவலையில்ல. ஏ செண்பகம், வாசலைப் பாத்து ஏன் பேசுத? நான் ஜன்னல் பக்கம்ல நிக்கேன்."

அவள் வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் அங்கேதான் நிற்கிறான் என்று நினைத்து, அங்கே நிற்கிற யாருக்கோ முகத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் உள்ளே வந்து விளக்கைப் போடவில்லை. போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு இந்த அறையில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. அவள் கையில் இருக்கிற வட்டமும் பொட்டும் தெரிகின்றன, தப்பான திசையில் போகிற அவள் சிரிப்பு தெரிகிறது. எத்தனை மாலைகளில் இப்படி அவளைப் பார்த்திருப்பான்? மேட்டு முகாமே போதும் என்று சொன்னால் முடிந்தது. மூன்று வார்த்தை, நாக்கின் மேல் தயாராக இருந்தது. அதற்குப் பிறகு தைலம், கூடாரம், அப்படியா அப்படியா. அந்தத் தலையாட்டலை நினைத்ததும் கழுத்தே வலிப்பதுபோல இருந்தது.

"உண்டு" என்றாள். குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பழகாத கண்ணும் உண்டு. எனக்கு ராத்திரியில கண்ணு தெரியாது."

"என்ன சொல்லுத?"

"இப்ப உங்க முகம் எனக்குத் தெரியல. ஜன்னல் லேசாத் தெரியுது. அது பக்கத்துல நீங்க நிக்கிறது தெரியல."

"இன்னும் நல்லா வெளிச்சம் இருக்கே."

"உங்களுக்கு."

"எப்ப இருந்து?"

"பிறந்ததுல இருந்து."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"காலையில பத்து மணிக்குப் பொண்ணு பாக்க வரச் சொன்னது" என்று ஆரம்பித்து அவன் நிறுத்தினான். "ஆமா" என்றாள். மூக்கு வழியாக அவன் மூச்சை விட்ட சத்தம் கேட்டது. சிரிக்கப் போகும்போதும் அப்படித்தான் விடுவான், கோபம் வரும்போதும் அப்படித்தான் விடுவான். எது என்று முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாள் தெரிந்துகொண்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் புரிந்தது. முகம் இல்லாமல் அந்தச் சத்தம் நடு அறையில் இரண்டு அர்த்தத்தோடும் நின்றது.

"தங்கச்சி வீட்டுக்காரரை நான் என்னெல்லாம் சொன்னேன்."

"எனக்கு ஞாபகம் இருக்கு."

"இருக்கும்ல. எம் பின்னாலதானே நின்ன." ஈரக்கால் நாலைந்து எட்டு வைத்தது. சுவிட்ச் போர்டு பக்கம் போய் நின்றது. "போடவா?" என்று கேட்டான். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எப்போதும் அவளே முந்திக்கொள்வாள். போடச் சொன்னால் முகம் தெரிந்துவிடும். அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. "கொஞ்சம் பொறுத்துப் போடுங்க" என்றாள்.

டீப்பாயிலிருந்து மரியதாஸ் தயக்கத்தோடு கூப்பிட்டார். "சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கோம், இருக்கோம்" என்றான் சங்கரபாண்டி. பிறகு அவளிடம் மெதுவாக, "இதை உங்கிட்டத் தனியா பேசணும்" என்றான். பேசுங்க என்றாள். "பேசத்தான் போறேன். சும்மா விட மாட்டேன். இப்ப இவருகிட்ட எதைச் சொல்லட்டும்?"

"தண்ணிக் கரையை."

"அங்க உனக்கு ஒண்ணுமே தெரியாதே."

"தெரியாது. ஆனா எல்லாரும் அங்க எதைத்தான் பாக்கீங்கன்னு எனக்குப் பாக்கணும்."

"எப்படிப் பாப்ப?"

"அதுதான் எனக்கும் தெரியல."

அவன் டீப்பாய் அருகே வந்து குனிவதை மூச்சில் தெரிந்துகொண்டாள். எந்தத் தெருவில் ஃபியூஸ் போயிருக்கிறது என்று ஆபீசுக்குத் தகவல் சொல்கிற அதே குரலில் பேசினான். "மரியதாஸ், தண்ணிக் கரையே இருக்கட்டும். எங்க வீட்டம்மாவுக்கு இருட்டுல கண்ணு தெரியாது. டென்டுல இருந்து பாத்ரூம் வரைக்கும் இடுப்பு உயரத்துல ஒரு கயிறு இழுத்துக் கட்டணும். கம்பி வேண்டாம், கையைக் கிழிச்சிரும். தண்ணி ஆரம்பிக்கிற எடத்துலயும் குறுக்க ஒண்ணு."

"கட்டிருவோம் சார், அதுல என்ன இருக்கு. வேற ஏதும் உண்டா?"

அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து கிளம்பி, ஊரைத் தாண்டி, ஒரு மலை ஏறி, முன்பின் தெரியாத ஒருவர் காதில் போய் விழுந்துவிட்டது. அங்கே அவர் கயிற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார். அம்மா வாழ்நாளெல்லாம் சுமந்தது இவ்வளவு சின்ன வாக்கியமா என்று செண்பகவல்லிக்கு ஆச்சரியமாக இருந்தது. சோபா அழுந்துகிற சத்தம் கேட்டது. "வேற ஏதும் கேக்கணுமா?" என்ற அவன் குரல் இப்போது அவள் உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்து வந்தது. அதில் இன்னும் கோபம் இருந்தது. கோபத்துக்குப் பக்கத்தில் வேறு ஒன்றும் இருந்தது, அது என்ன என்று அவள் பிறகுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "ராத்திரி அந்தக் கரையில சும்மா உக்காந்திருந்தா காதுல என்ன விழும்?"

"என்ன தெரியும்னுதான் எல்லாரும் கேப்பாங்க. இதை யாரும் கேட்டதில்லையேம்மா" என்றார் மரியதாஸ். "இருங்க, நான் இப்ப அந்தக் கரையிலதான் நிக்கிறேன், இங்க வந்தாத்தான் டவர் கிடைக்கும். போனைத் தண்ணிப் பக்கமா நீட்டுறேன், நீங்களே கேட்டுக்குங்க."

முதலில் காற்று மட்டும் வந்தது, துணியைக் கிழிப்பதுபோல. அது அடங்கியதும் அடியில் வேறொன்று இருந்தது. தண்ணீர் கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மறுபடி தொட்டது, இந்தத் தடவை வேறு கல்லை. எந்த ஒழுங்கும் இல்லாமல், எந்த அவசரமும் இல்லாமல், ஒவ்வொரு கல்லாக. தூரத்தில் ஏதோ ஒன்று ஒரே ஒரு தரம் தொண்டையைத் திறந்து மூடியது. செண்பகவல்லி கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். சோபாவும் முனகியது, அவனும் சாய்ந்திருக்கிறான்.

"தவளையா அது?" என்றான் சங்கரபாண்டி.

"உஷ்" என்றாள்.